மேடை ஏறாத பொன்னாடை

தம்பி,

உன்னைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையில் விட்டுவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு வீட்டில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். உன் அறையைக் கூட்டலாம் என்று உள்ளே போனேன், கூட்டாமலே வெளியே வந்தேன். வழியெல்லாம் காரில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் என்ன தூரம், அடுத்த வாரமே வருவாய், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றால் சொல்வேனா என்பது எனக்கே சந்தேகம். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நீ அன்றைக்குச் சொன்னதை ஓர் அரங்கத்தின் முன்னால் சொன்னாய். நான் செய்ததும் அதே அரங்கத்தின் முன்னால்தான். இதுவும் நாலு பேர் படிக்கும்படி இருக்கட்டும்.

நீ மேடையில் நின்றபோது மாமா எழுந்ததையும், நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்ததையும் பார்த்துவிட்டாய். அதன்பிறகு நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே நீ என்ன நினைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தாய். அது சரியா தவறா என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். உங்கள் இயற்பியல் துறையில் புதன்கிழமைதோறும் நடக்கிற ஆய்வுரைகளை, மின்னணுச் சாதனங்கள், குவாண்டம் பொருள்கள் என்று நீ வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாயே, அவற்றை நான் ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டு வந்தேன். இணைய இணைப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டிருந்தது. போர்ட் கிள்ளானில் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, கப்பல் சரக்குப் பத்திரங்களுக்கு நடுவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அலுவலகக் கணினி என்பதால் என் பெயருக்குப் பதில் ‘ஷிப்பிங் டிபார்ட்மெண்ட்’ என்றுதான் திரையில் வரும். ஒருநாள் சாப்பிடும்போது நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்: “ஒவ்வொரு வாரமும் ஷிப்பிங் டிபார்ட்மெண்ட்னு ஒரு ஆள் வர்றாரும்மா. யாருன்னே தெரியல. கேள்வியும் கேக்க மாட்டாரு, பாதியில போகவும் மாட்டாரு. ப்ரோஃப் சொல்றாங்க, நம்ம சீரீஸோட பெரிய விசிறி அவருதானாம்.” நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள் என்றேன்.

என்ன புரிந்தது என்று கேட்டால், விஷயம் பாதிகூடப் புரியவில்லை. நான் படித்தது கணக்கியல். ஆனால் அந்த மனிதர்கள் பேசும் முறை எனக்குப் புரிந்தது. நான் போய்ப் பழகிய கூட்டங்கள் எல்லாம் கோயில் மண்டபத்திலும் திருமண மண்டபத்திலும் நடந்தவை. அங்கே பேச வந்தவரைப் புகழ்வதற்கே அரைமணி நேரம் போகும். பேசி முடித்தவரிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், கேட்டால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம். உங்கள் அரங்கத்தில் பேச்சாளரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிடுகிறார். எங்கோ ஒரு நாட்டில், ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியாத நேரத்தில், கையில் காபிக் கோப்பையோடு ஒரு பெண்மணி பேசினார். கடைசியில், வரைபடத்தில் இந்த வளைவு ஏன் இப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், தெரியவில்லை என்பதை ஒரு செய்தியைப் போலச் சொல்கிறாரே என்று எனக்குக் கையில் இருந்த பத்திரம் மறந்துபோனது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஓய்வுபெற்ற சீனப் பேராசிரியரின் குரலையும் அப்படித்தான் பழகிக்கொண்டேன். யார் பேசினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: அது அப்படித்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்கப்பட்டவர்கள் கோபப்படவில்லை. யோசித்தார்கள். சிலர், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். பிள்ளையை இந்த இடத்துக்கு அனுப்பியதற்காக மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

இவ்வளவையும் கேட்டவள், நீ உன் முடிவைச் சொன்ன அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். ஒட்டுநாடாவைப் படிகத்தின் மேல் ஒட்டி ஒட்டிப் பிய்த்து, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய செதில் எடுத்து, அதற்கு மின்கம்பி வைத்துக் குளிரவைத்து அளக்கிறாய் என்று சொல்லியிருந்தாய். (மாமாவிடம் சொன்னபோது, “செலோடேப்பா? இதுக்கா யூனிவர்சிட்டி?” என்றார்.) மிகவும் குளிர்ந்ததும் அதில் மின்தடை சடாரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, உறுதியானால் அது இதுவரை யாரும் பார்க்காத ஒரு மீக்கடத்தி, தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருள் என்றாய். ‘உறுதியானால்’ என்றுதான் சொன்னாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதை எழுதும்போது அந்த ஒரு வார்த்தையை நான் விட்டுவிட்டேன். உலகத்திலேயே முதல்முறையாக என் மகன் கண்டுபிடித்திருக்கிறான் என்று எழுதினேன். அந்த முடிவைப் பார்த்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடம் உன்னை டாக்டர் பட்டத்துக்குக் கூப்பிட்டதையும் எழுதினேன். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் குழுவில் கொட்டின. போகுமுன் நீ உங்கள் அரங்கத்தில் பேசப்போகிறாய் என்றதும் மாமா போனில் சொன்னார்: “தாய்மாமன் நான் இருக்கேன்லா. வெறுங்கையோட அனுப்பிருவனா?”

மாமாவையும் பொன்னாடையையும் பற்றி ஊர் சிரிப்பது எனக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் செயலாளர் ஆனதிலிருந்து அவர் போர்த்தாத தோளே கிள்ளானில் இல்லை. உன் அக்காள் முறையானவளின் கல்யாணத்தில் சமையல்காரருக்கே போர்த்தினார், அந்த மனிதர் கரண்டியோடு அழுதார். ஆனால் அவர் முதன்முதலில் பொன்னாடை போர்த்தியது எனக்குத்தான். எங்கள் அப்பா போன பிறகு, லோரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். நான் பட்டயம் வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வந்து கிள்ளான் நிலையத்தில் இறங்கினேன். லிட்டில் இந்தியாவில் வாங்கிய சிவப்புப் பொன்னாடையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தார். அத்தனை பேர் போய்வந்துகொண்டிருக்க, அங்கேயே பிரித்து என் தோளில் போர்த்தினார். நான் கூச்சத்தில் உடனே எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கைக்கு மட்டும் பொன்னாடையை மறைக்கும் அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் புதன்கிழமை மாமாவின் கம்பெனி வேனில் வந்தோம். அவர் பத்தேக் சட்டை, அத்தை பட்டுப்புடவை, அவள் மடியில் மாமாவின் துணிக்கடைப் பை. அப்பாவுக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. அரங்கத்தில் ஜீன்ஸ் போட்ட மாணவர்கள், வாசலில் கரிப்பாப் பலகாரத் தட்டு, ஒரு பானையில் தே தாரிக் தேநீர். வாசலில் நின்ற பையனிடம் மாமா குத்துவிளக்கு எங்கே என்று கேட்டார். அவன் பாவம், கழிப்பறைக்கு வழி சொன்னான். உன் பேராசிரியை எழுந்து உன் பெயரைச் சொல்லி, நீ பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டார். மாமா என் பக்கம் சாய்ந்து, “அவ்வளவுதானா அறிமுகம்?” என்றார். அதற்குள் திரையில் உன் முதல் படம் வந்தது. நீ அறிவித்திருந்த தலைப்பு அதில் இல்லை. எங்கள் மாதிரிகளில் தடை ஏன் பூஜ்யமாகத் தெரிந்தது என்று ஆங்கிலத்தில் இருந்தது. மாமாவும் அத்தையும் புன்னகையோடுதான் இருந்தார்கள். அத்தனை புதன்கிழமைகள் கேட்டவளுக்கு ‘தெரிந்தது’ என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

நீ சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். அளக்கும் கம்பி செதிலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தொடுகை விட்டுப்போயிருக்கிறது. கருவி பூஜ்யம் என்று காட்டியது, தடை இல்லாததால் இல்லை, அது எதையுமே தொடாததால். நாடி பார்க்கிறவர் விரல் மணிக்கட்டிலிருந்து நழுவியது தெரியாமல், துடிப்பு இல்லை என்று சொன்ன மாதிரி. இதைக் கண்டுபிடிக்க நீ செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. செதில் இருந்த இடத்தில் சாதாரணத் தங்கப் பட்டை ஒன்றை வைத்து, அதே கம்பி, அதே முறை, அதே குளிரில் அளந்தாய். தங்கம் எவ்வளவு குளிர்ந்தாலும் மீக்கடத்தி ஆகாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தங்கமும் பூஜ்யம் காட்டியது. இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாய். ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே எங்கள் முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய்.

பிறகு அந்தச் சீனப் பேராசிரியர் கேட்டார். இந்தமுறை எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. தங்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றியது என்றார். ஆங்கிலத்தில் நீ சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது. பல மாதங்களாக நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்துவிட்டேன், அந்தச் சந்தோஷத்தில் எதையாவது பார்க்காமல் விட்டிருப்பேனோ என்று பயம் வந்தது என்றாய். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. அந்த நேரத்தில்தான் மாமா, பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பையிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“வேணாண்ணே. உக்காருங்க.”

“ஏன்மா?”

“கண்டுபிடிச்சது தப்புன்னு சொல்றான்.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“அவன் கண்டுபிடிச்சதுதான்.”

மாமா உட்கார்ந்தார். நிமிர்ந்தபோது நீ எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

தம்பி, அப்போது எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், ஆமாம், ஒரு நொடி இருந்தது. ஆனால் உன்னை நினைத்து இல்லை. தோற்றுவிட்டேன் என்று சொல்கிறவன் தோளில் ஜரிகைத் துணியைப் போட்டால் அங்கிருப்பவர்கள் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வார்கள், உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். உனக்குப் பாதுகாப்பாக ஏதோ செய்வதாக நினைத்துத்தான் கையைப் பிடித்தேன். அங்கேதான் நான் தவறினேன். ஒரு வருஷமாக அந்த அரங்கத்தைக் கேட்டவள், அங்கே தோல்வி என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்தவள், அந்த நொடியில் கல்யாண மண்டபத்துப் பெண்ணாகவே இருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேனே, யாரும் உன்னைத் தேற்றவில்லை. உன் பேராசிரியை உன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் பெரியவர் மட்டும் மெதுவாக மேடைக்கு ஏறி வந்து, தங்கத்தின் கோட்டை இன்னொரு தடவை காட்டு என்றார். கரிப்பாப் ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் மடிக்கணினிமேல் குனிந்து நின்றீர்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைவிடப் பெருமைப்பட்ட அம்மா அன்றைக்கு இந்த ஊரில் இருந்திருக்க மாட்டாள். அதைத்தான் வேனில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வேனில் வீடு திரும்பினோம். நீ “சாரிம்மா” என்றாய், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமாதான் ஓட்டிக்கொண்டே கேட்டார்: “லூஸ் காண்டாக்ட், அதானே விஷயம்?” நீ, “அதான் மாமா, அவ்வளவுதான்” என்றாய். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும்போது அவர் திரும்பவும் ஆரம்பித்தார். “எல்லாரும் தங்கத்ததான்யா உரசிப் பாப்பாங்க. இவன் தங்கத்த வெச்சு மத்ததயெல்லாம் உரசிப் பாத்திருக்கான்.” அத்தை, “சிக்னல் விழுந்திருச்சு, வண்டிய எடுங்க” என்றாள். அந்தப் பொன்னாடை என்ன ஆனது என்று நீ கேட்கவில்லை. அடுத்த வாரம் கோயிலுக்குத் தாமதமாக வந்து, எதைப் பற்றியும் இல்லாமல் முக்கால்மணி நேரம் பேசிவிட்டுப் போன ஒரு பிரமுகருக்கு மாமா அதைப் போர்த்த வேண்டியதாயிற்று. “வேற துணி கைவசம் இல்லம்மா. போடும்போது கை கூசிச்சு” என்று என்னிடம் சொன்னார்.

நீ பேசிய அன்று மாலையே நெதர்லாந்துக்கு எல்லாப் படங்களையும் இணைத்து நீ எழுதினாய். இடம் உறுதியாகும்வரை கொஞ்சம் பொறுத்து எழுதினால் என்ன என்று உன் நண்பன் ஒருவன் கேட்டதாகப் பிறகு சொன்னாய். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், பதிலை இங்கே எழுத விரும்பவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். உன் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். அந்தத் திட்டமே அந்தப் பொருளை நம்பி இருந்தது, ஆகவே இந்த ஆண்டு இடம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். கதைகளில் உண்மை சொன்னவனுக்குக் கடைசியில் ஏதாவது கிடைக்கும். உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீ போய்க் குளித்துவிட்டு வந்து, ப்ரோஃப் இன்னும் ஒரு வருஷம் ஆய்வு உதவியாளராக இருக்கச் சொல்கிறார், மறுபடியும் முதலிலிருந்து செதில் எடுக்கப் போகிறேன் என்றாய். நாலு வாய் சாப்பிட்டாய்.

குழுவில் நானே எழுதினேன். நீ போகவில்லை என்று மட்டும் எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முழுவதையும் எழுதினேன். கண்டுபிடித்தது சரியில்லை என்று அவனே சோதித்து, அவனே எல்லார் முன்னாலும் சொன்னான், நான்தான் அவசரப்பட்டு உங்களிடம் பெருமையடித்தேன் என்று. சொந்தக்காரர்கள் நாலு பேருக்கு அதை அனுப்பும் பொத்தானைத் தொடவே என் விரலுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நீ எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாய் என்று அந்த விரல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார், ஒருத்தி “பரவால்ல லா” என்றாள். அந்தக் குழுவை என்றைக்குமே எட்டிப்பார்க்காத நீ, அன்று அதைப் படித்துவிட்டு எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாய்: “அந்தப் பொருள் மீக்கடத்தி இல்லன்னு நாங்க நிரூபிக்கலம்மா. இருக்குன்னு நாங்க சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. ரெண்டும் வேற.” நான் திருத்தி மறுபடியும் போட்டேன்.

உனக்குச் சொல்ல ஒரே ஒரு புத்திமதி இருக்கிறது. சந்தேகப்படுவது உன் தொழில். அதைக் குணமாக்கிக்கொள்ளாதே. சந்தோஷமாக இருந்ததால்தான் கண் மறைத்தது என்று நீ அன்றைக்குச் சொன்னாய், அதைக் கேட்டு அந்தப் பெரியவர் தலையாட்டினார். ஆனாலும் அந்த மாதங்களில் நீ வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தது, அப்பாவின் மோட்டார் சைக்கிளை யாரும் கேட்காமலே கழுவி வைத்தது எல்லாம் பொய் இல்லை. அளவீடு தவறாக இருந்தது, அந்தப் பாட்டு தவறாக இல்லை. அடுத்த தடவை ஏதாவது கண்ணில் பட்டால் உடனே சந்தோஷப்படு. சோதிப்பதை மறுநாள் காலையில் வைத்துக்கொள். சொந்தக்காரர்களிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன், அது என் பொறுப்பு.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், உனக்கு அது சாதாரணமாகத் தோன்றியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் உனக்கு அறை வாடகைக்கு விட்ட அந்த மாடி வீட்டு ஆன்டி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பி என்ன வேலை பார்க்கிறது என்று என்னைத்தான் கேட்டார். வழக்கமாக நான்தான் பதில் சொல்வேன். இத்தனை வருஷமாக உன்னைப் பற்றி யார் கேட்டாலும் கொஞ்சம் மெருகு போட்டுச் சொல்வது என் வேலையாக இருந்தது. நேற்று நான் பேசாமல் உன்னைப் பார்த்தேன். நீ கையில் தலையணையும் மின்விசிறியுமாக நின்றுகொண்டு சொன்னாய்:

“ஆராய்ச்சி பண்றேன் ஆன்டி. போன வருஷம் செஞ்சது தப்பாப் போச்சு. மறுபடி செய்றேன்.”

ஆன்டி உன்னைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். “சரி. ராத்திரி பதினொன்னுக்கு மேல வாசல் கேட்டைப் பூட்டிருவேன்” என்றார்.

அவ்வளவுதான், தம்பி. வானம் இடிந்து விழவில்லை. நீ படியேறிப் போய்விட்டாய். மாடிவரை உனக்குத் துணை தேவையில்லை என்று நீ சொன்னதால் நான் கீழேயே நின்றேன். உங்கள் மகன்தானா என்று ஆன்டி என்னிடம் கேட்டார். ஆமாம், என் மகன்தான் என்றேன். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

அம்மா